சம்பந்தி வீட்டு வட்டிலப்பம்

என் கண்ணான மகன் அப்சருக்கு உம்மா எழுதுறது. அல்லாஹ்வோட சாந்தியும் ரஹ்மத்தும் உன் மேலயும் நுஸைபா மேலயும் எந்நேரமும் இருக்கட்டும். இங்கே நான், வாப்பா, உன் தங்கச்சி தஹ்மீனா, அவ மாப்பிள்ளை எல்லாரும் அவன் கிருபையால நல்லா இருக்கோம், நோன்பு ஒண்ணு விடாம போய்க்கிட்டு இருக்கு, உங்க வாப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதால டாக்டர் மாத்திரை நேரத்தை மாத்திக் குடுத்திருக்கார், மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடுறார், இனிப்பு விஷயத்துலதான் அவர் சங்கதி தனி, அதைப் பின்னாடி சொல்றேன். அங்கே நார்வேயில, பெர்கன்ல மழை நின்னுச்சா இல்லையா, நீ போன்ல ஜன்னலைக் காட்டுறப்ப எல்லாம் மழைதான் தெரியுது, அந்த ஊர்க்காரங்க துணியை எங்கேதான் காயப் போடுவாங்களோ. சஹருக்கு எந்திரிச்சு ஒழுங்கா சாப்பிடு, வெறும் ரொட்டியும் பாலும் குடிச்சுட்டுப் படுத்துடாதே. நுஸைபாவுக்கு இருமல் விட்டுடுச்சான்னு எழுது.

இந்தக் காலத்துல என்ன கடுதாசின்னு நீ சிரிப்பே. போன்ல பேசலாம்னா நீ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டு அடுப்படி மேடையில வச்சிடறே, பக்கத்துலயே நுஸைபா வெங்காயம் நறுக்கிக்கிட்டு நிக்கிறா. அவ நல்ல புள்ள, அவளை ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், ஆனா அவ உம்மாவைப் பத்தி அவ காது கேக்க நான் எப்படிப் பேசுறது. வாய்ஸ் மெசேஜ் போட்டா அதையும் கார்ல சத்தமா வச்சுக் கேக்குறவன் நீ. அதனாலதான் உன் கம்பெனிக் கூட்டாளி ஜாஃபர் சாதிக் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை கிளம்புறான்னு கேள்விப்பட்டதும் பேனாவை எடுத்துட்டேன். கவரை ஒட்டித்தான் அவன் கையில குடுப்பேன். தனியா இருக்கிறப்ப படி. நுஸைபாகிட்ட காட்டணும்னா காட்டிக்கோ, ஆனா நீ கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் காட்டு.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். உன் மாமியார் மேல எனக்குப் பொறாமை. ரசியா பேகம் நல்லவங்க, மரியாதை தெரிஞ்சவங்க, நுஸைபா மாதிரி ஒரு புள்ளையை வளர்த்து நமக்குக் குடுத்தவங்க, எல்லாம் சரி, ஆனாலும் பொறாமை. நம்ம ஊர் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வீடு பொண்ணுக்கு, மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல. உன் நிக்காஹ் முடிஞ்ச கையோட உன் பெட்டி அவங்க வீட்டு மாடிக்குப் போச்சு. அதுக்கப்புறம் நீ லீவுல வந்தா திருச்சி ஏர்போர்ட்ல இருந்து நேரா அங்கேதான், பசியாறுறது அங்கே, சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. அஸர் தொழுதுட்டு இங்கே வருவே, ஒரு டீ குடிப்பே, வாப்பாகிட்ட நெல்லு விலை கேப்பே, மஃரிபு பாங்கு சொல்றப்ப எந்திரிச்சுப் போயிடுவே. நான் பெத்த புள்ள என் வீட்டுல டீ குடிக்க வர்ற விருந்தாளி. இதை உங்க வாப்பாகிட்ட சொன்னா, நானும் உன் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதானே ஆமினா, எங்க உம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்குமான்னு கேக்குறார். அந்தப் புண்ணியவதி சொன்னது எல்லாம் எனக்குத்தானே தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம வீட்டுலயும் ஒருத்தி பெத்த மகன் உக்காந்து சாப்பிடுறான். தஹ்மீனா மாப்பிள்ளையோட உம்மா வாரத்துக்கு ஒரு தடவை வந்து, எம்மவன் இளைச்சுட்டானேன்னு அவனைப் பார்த்துச் சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும். முன்னே எல்லாம் எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும், இளைச்சவனா அவன், சட்டை பொத்தான் போட மாட்டேங்குது. இப்ப அந்தம்மா வந்தா கரண்டியை அவங்க கையிலேயே குடுத்து நீங்களே வைங்கன்னு சொல்லிட்டு உள்ளே போயிடறேன். அவங்க வைக்கிற சோத்தை அவன் தின்னு தொலைக்கட்டும்.

என் பொறாமைக்கு எண்ணெய் ஊத்தினது நீதான். டேப்லெட் வாங்கிக் குடுத்தே, சரி. உம்மாவுக்குப் பொழுது போகும்னு ப்ளாக் எல்லாம் படிக்கச் சொல்லிக் குடுத்தே, அதுவும் சரி. மன்னார்குடிப் பக்கத்து ஆலிமா ஒருத்தங்க பொம்பளைங்களுக்கு மார்க்க விளக்கம் எழுதுறாங்க, அதை நான் காலையில சுபுஹு தொழுதுட்டுப் படிக்காம இருக்கிறதில்லை. வலங்கைமான்ல ஒரு டீச்சரம்மா மாடித் தோட்டம் பத்தி எழுதுறாங்க, அவங்க சொன்ன மாதிரி முட்டை ஓட்டை நசுக்கிப் போட்டுத்தான் நம்ம பிச்சிக்கொடி பூக்க ஆரம்பிச்சுது, இப்ப தெருவே மணக்குது. இதோட நிறுத்தியிருக்கலாம்ல நீ. வாரம் தவறாம உன் மாமியோட ப்ளாக்கை எனக்கு அனுப்புவே, பாருங்க உம்மா, மாமி இறால் வாடா போட்டிருக்காங்க, மாமி கடப்பாசி போட்டிருக்காங்க, கீழே ஒரு செவப்பு இதயம் வேற. ரசியா அடுப்படின்னு பேரு வச்சு, மலேசியாவுல இருந்தும் ஷார்ஜாவுல இருந்தும் ஆளாளுக்கு வந்து உங்க கைக்கு வளையல் போடணும் லாத்தான்னு எழுதிட்டுப் போறாங்க. அந்தம்மா எழுதுறதும் நல்லாத்தான் இருக்கு, அதுதான் என் கோவமே. கஞ்சிக்குப் பூண்டு உரிக்கிறதை எழுதினாக்கூட நடுவுல ஒரு துஆ, ஒரு சிரிப்பு, அவங்க வாப்பாவைப் பத்தி ஒரு சேதி, படிச்சு முடிக்கிறப்ப நமக்கே பசிக்குது. நானும் முப்பது வருஷமா ஆக்கிப் போடுறேன், என் மீன் ஆணத்தைப் பத்தி எந்த ஷார்ஜாக்காரி எழுதினா. அதை விடு, ஊர் பாராட்ட வேண்டாம். போன லீவுல நீ வந்தப்ப, உம்மா வட்டிலப்பம் செஞ்சு தாங்கன்னு நீ ஒரு தடவை கூடக் கேக்கலை. சின்னப் புள்ளையில இருந்து பெருநாள் வந்தா முதல் வார்த்தையா அதைத்தான் கேப்பே, நான் முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் கலக்கி அவிக்க வைக்கிறப்பவே பக்கத்துல வந்து நிப்பே. அதையும் அந்த வீட்டுல மறக்கடிச்சுட்டாங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்த நோன்புல எனக்கு வேற எந்தக் குறையும் இல்லை, அது ஒண்ணுதான்.

நோன்பு ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே அந்த ஆலிமா பொறாமையைப் பத்தி எழுதிட்டாங்க. புடிச்ச நோன்போட நன்மையை எல்லாம் அது தின்னுடும், அடுத்தவங்களுக்கு அல்லாஹ் குடுத்ததைப் பார்த்து எரியாதீங்கன்னு. என்னை மனசுல வச்சு எழுதினாங்களோன்னு இருந்துச்சு. நான் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கிட்டு உக்காந்தேன், எண்ணிக்கிட்டே இருக்கேன், விரல் பாட்டுக்கு மணியை விட்டுட்டு டேப்லெட்ல ரசியா அடுப்படியைத் திறக்குது. என்ன செய்யச் சொல்றே.

நடுவுல வயல் சேதியை எழுதிடறேன், இல்லாட்டி வாப்பா கேப்பார். தளடி நெல்லு அறுத்தாச்சு, கடைசியில பேஞ்ச மழையில கொஞ்சம் சாஞ்சு போச்சு, ஆனாலும் நம்ம வயலைப் பார்த்துக்கிற துரைக்கண்ணு விடாம நின்னு காய வச்சுப் போட்டுட்டார். ஆத்துல தண்ணி நிறுத்திட்டாங்க, வாய்க்கால் எல்லாம் காஞ்சு கிடக்கு. ஈரத்துலயே தெளிச்ச உளுந்து நல்லா வந்திருக்கு, இப்ப பறிச்சுக்கிட்டு இருக்காங்க. துரைக்கண்ணு உன்னை ரொம்பக் கேட்டார், தம்பி வந்தா வயலுக்கு வரச் சொல்லுங்கம்மான்னார். அவர்கூட உன்னை உரிமையா வரச் சொல்றார், நான்தான் சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்களோன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

இப்ப நடந்ததைக் கேளு. நோன்புல பொண்ணு வீட்டுல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு நோன்பு திறக்கப் பண்டம் வரும்ல. போன வாரம் அஸருக்கு அப்புறம் வந்துச்சு, பெரிய தாம்பாளம், வாடா, சமூசா, கடப்பாசி, கஞ்சி, ஓரத்துல மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சட்டி. கொண்டு வந்த பொண்ணு, வட்டிலப்பம், ரசியா லாத்தா அவங்க கையாலேயே செஞ்சது, உங்களைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்கன்னு சொல்லுச்சு. எனக்கு எங்கே பட்டுதுன்னு சொல்லத் தெரியலை. என் மகன் என்கிட்ட கேக்காம விட்ட பண்டம் அவங்க வீட்டுல இருந்து எனக்கே வருதா. மூடியைக்கூட நான் திறக்கலை. உங்க வாப்பாவைக் கூப்பிட்டு, இதை அப்படியே பள்ளிவாசலுக்குக் கொண்டு போய் நோன்பு திறக்கிறவங்களுக்குக் குடுத்துடுங்கன்னேன். மனுஷன் மறுபேச்சுப் பேசாம சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனார். நான் ஒண்ணு சொல்லி அவர் உடனே கேட்டாரே, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

பள்ளிக்குப் போனது பாதிதான். மீதியை நம்ம நீல டப்பாவுல மாத்தி, ஃபிரிட்ஜ்ல தயிருக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டு, அவங்க சட்டியைக் கழுவிக் கவுத்தும் வச்சுட்டார். ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்து திருட்டுத்தனமா ஒரு விள்ளல் தின்னலாம்னு ஏற்பாடு. மறுநாள் சாயங்காலம் சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பணும், வெறும் பாத்திரமா அனுப்ப முடியுமா, ஏதாச்சும் போட்டுத்தானே அனுப்பணும். நான் அப்ப வாடாவுக்கு மாவு இடிக்கக் குடுத்துட்டு வரப் போயிருந்தேன். தஹ்மீனா ஃபிரிட்ஜைத் திறந்தா, நம்ம டப்பாவுல வட்டிலப்பம், அதுவும் நல்ல கறுப்பு நெறத்துல. கருப்பட்டியைச் சட்டியில போட்டுக் கொஞ்சம் கருக விட்டு அப்புறம் பாகு எடுக்கிறது இந்த ஊர்லயே நான் ஒருத்திதான், அந்தக் கறுப்பைப் பார்த்ததும் உம்மா செஞ்சதுதான்னு அவ முடிவே பண்ணிட்டா. ஓரமா ஒரு துண்டை மட்டும் விட்டுட்டு மீதியை அந்த எவர்சில்வர் சட்டியிலேயே போட்டு அனுப்பிட்டா. ஆக, ரசியா பேகம் செஞ்ச வட்டிலப்பம் ரசியா பேகத்துக்கே போயிடுச்சு, அதுவும் அவங்க சட்டியிலேயே.

எனக்கு இது ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சு டேப்லெட்டைத் திறந்தா, ரசியா அடுப்படியில புதுசா ஒண்ணு, சம்பந்தி வீட்டு வட்டிலப்பம்னு தலைப்பு. இந்த நோன்புல நான் தின்ன பண்டத்துலயே இதுதான் உசத்தி, எங்க சம்பந்தி ஆமினா அவங்க கைப்பக்குவம் எனக்கு வராது, அவங்க கையை அல்லாஹ் பரக்கத்தாக்கி வைக்கட்டும்னு எழுதி, படமும் போட்டிருக்காங்க. படத்தைப் பார்க்கிறேன், என் வட்டிலப்பம் மாதிரியேதான் இருக்கு, ஆனா நான் செய்யவே இல்லையே. கீழே வரிசையா பாராட்டு, ஷார்ஜாக்காரி உட்பட. எல்லாத்துக்கும் மேல நீ எழுதியிருக்கே, இந்தக் கறுப்பு எங்க உம்மா வட்டிலப்பத்தோட கறுப்பு, படத்தைப் பார்த்தாலே அவங்க கை தெரியுதுன்னு. அதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு நெறஞ்சுது. மறுநிமிஷமே கண்ணைத் துடைச்சுட்டு அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். நான் தொடாத பண்டத்துக்கு என் மகன் என் கையைப் புகழ்றானே, இது என்ன கூத்துன்னு தஹ்மீனாவைக் கூப்பிட்டேன். அவ டப்பாவைச் சொன்னா. டப்பாவைச் சொன்னதும் உங்க வாப்பா மெதுவா எந்திரிச்சுச் செருப்பைத் தேடினார். அங்கேயே உக்காருங்கன்னேன்.

அவர் எல்லாத்தையும் ஒப்புக்கிட்டதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. சம்பந்தி வீட்டுப் பண்டத்தைத் திருப்பி அனுப்பறதுன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம், உறவு வேணாம்னு அர்த்தம். நிச்சயம் முறிஞ்சாத்தான் பலகாரம் வந்த வழியே திரும்பிப் போகும். எனக்குப் பொறாமை இருந்துச்சு, இல்லைங்கலை, அதுக்காக உன் குடும்பத்தை முறிக்கிற அளவுக்கா நான் போவேன். அவங்க அப்படித்தானே நெனச்சிருப்பாங்க. நெனச்சும் ஊர் முன்னாடி என்னைப் புகழ்ந்து எழுதியிருக்காங்கன்னா என்ன மனசோட எழுதியிருப்பாங்க. அன்னைக்கு நோன்பு திறந்ததும் உங்க வாப்பா மிச்சம் இருந்த அந்த ஒத்தைத் துண்டைத் தட்டுல வச்சு என் முன்னாடி நகர்த்தி, இதைத் தின்னுட்டு அப்புறம் என்னைத் திட்டுன்னார். தின்னேன் அப்சர். முட்டை வாடை இல்லாம, தேங்காய்ப்பால் தலைப்பாலா, கடைசியில நாக்கு அடியில கருப்பட்டி கருகின அந்தச் சின்னக் கசப்பு. என்னுது. அசல் என்னுது. என் அடுப்படியில நின்னு பார்க்காம அது யாருக்கும் வராது.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு, சொல்லாம கொள்ளாம, புர்காவை மாட்டிக்கிட்டு உன் மாமியார் வீட்டுக்குப் போயிட்டேன். மாப்பிள்ளையோட உம்மா அழைப்பில்லாம அப்படிப் போகக் கூடாதுதான், போனா என்னவோ ஏதோன்னு தெரு பார்க்கும், பார்த்துட்டுப் போகட்டும். அவங்க என்னைப் பார்த்ததும் வெளுத்துட்டாங்க, சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனச்சிருக்காங்க. உக்காருங்க சம்பந்தின்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டாங்க. நான் உக்காராமலேயே நீல டப்பாவுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன், வாப்பா தயிருக்குப் பின்னாடி ஒளிச்சது வரைக்கும். கேட்டுக்கிட்டே இருந்தவங்க அப்படியே தரையில உக்காந்து சிரிச்சாங்க பாரு, சிரிச்சு சிரிச்சு அது அழுகையாப் போச்சு. மேல முந்திரியைப் பூ மாதிரி அடுக்கியிருந்தேன் சம்பந்தி, பாதிப் பூ திரும்பி வந்துச்சு, மூடியைத் திறந்ததும் என் உசுரே போச்சுன்னாங்க. என்ன தப்பு செஞ்சோம்னு தெரியலை, நுஸைபாகிட்ட சொன்னா அவ அங்கே தனியா உக்காந்து அழுவா, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும், தெருவுக்குத் தெரிஞ்சா ஆளுக்கொரு கதை கட்டும். அதான் முந்திரியை எல்லாம் எடுத்துட்டுப் படம் புடிச்சு, உங்க வீட்டுல இருந்து வந்ததுன்னு எழுதிட்டேன், எழுதிட்டா அது பாட்டுக்கு அப்படியே ஆகிடும்னு நெனச்சேன்னாங்க. ப்ளாக்ல அந்தம்மா எழுதினது எல்லாத்தையும் விட இந்தச் சொல்லு எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது. என்னால இப்படிச் செஞ்சிருக்க முடியுமான்னு யோசிச்சேன், முடியாது. அதுலயும் அவங்க ஒரு படி மேலே போயிட்டாங்களேன்னு அங்கே நின்னுக்கிட்டே எனக்கு எரிஞ்சுது, ரப்பே, இந்தக் குணம் எனக்கு எப்பத்தான் போகுமோ.

அப்புறம்தான் கேட்டேன், அந்தக் கருகல் பக்குவம் உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு. அவங்க தரையில இருந்து எந்திரிச்சாங்க. உங்க மகன்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னாங்க. போன லீவுல நீ அவங்க அடுப்படியில நின்னு, ரெண்டு சட்டியைக் கரியாக்கி, உம்மா இந்த வாசனை வர்றப்பதான் தண்ணி விடுவாங்க மாமி, இப்ப இல்லை, இப்ப இல்லைன்னு பக்கத்துலயே நின்னு கத்துக் குடுத்தியாமே. ஏன்னு கேட்டதுக்கு நீ சொன்னதையும் சொன்னாங்க. இதுக்கு முந்தின லீவுல, கிணத்தடியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு கட்டுப் பிரிச்ச கையோட உம்மா எனக்காகத் தேங்காய் துருவினாங்க மாமி, முகத்துல வலி தெரிஞ்சுது, இனிமே அவங்ககிட்ட நான் கேக்க மாட்டேன், நீங்க கத்துக்கிட்டா அவங்களுக்குச் சிரமம் இருக்காதுன்னு சொன்னியாம். அதை அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொல்றாங்க, எப்பேர்ப்பட்ட புள்ளையைப் பெத்திருக்கீங்க சம்பந்தின்னு. கூடவே இன்னொண்ணும் சொன்னாங்க, எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். என் ப்ளாக்கை எத்தனையோ ஊர்ல படிக்கிறாங்க, என் மாப்பிள்ளை மட்டும் என் சாப்பாட்டுல கை வச்சதும் எங்க உம்மா இதை இப்படிச் செய்வாங்கன்னுதான் ஆரம்பிப்பார், உங்களைப் பார்த்தாலே எனக்கு வயித்தெரிச்சல் சம்பந்தின்னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு, நோன்பும் அதுவுமா, அல்லாஹ் மன்னிக்கணும். எழுதினதை மாத்தி உண்மையை எழுதிடட்டுமான்னு கேட்டாங்க. வேணாம், அப்படியே இருக்கட்டும், கருப்பட்டியைக் கருக விடுற விஷயத்தை மட்டும் என்னைக்கும் அதுல எழுதிடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மாட்டேன்னு சொல்லியிருக்காங்க.

வீட்டுக்கு வந்து உக்காந்தப்பதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அவங்க மேல இல்லை, உன் மேல. உனக்கு என் மேல இரக்கம், சரி. என் கை வலியைப் பார்த்தே, என்கிட்டேயே மறைச்சே, அதுவும் சரி. ஆனா என் கையில இருந்ததைக் கொண்டு போய் இன்னொருத்தங்க கையில குடுத்துட்டு, உம்மாவுக்கு ஓய்வு குடுத்துட்டோம்னு நெனச்சியே, அங்கேதான் தப்பு. நீ கேக்காம விட்ட ஒரு வருஷமா இந்த மணிக்கட்டு வலிச்சதை விட எனக்கு நெஞ்சு வலிச்சுது, அது உனக்கு எப்படித் தெரியும், நானும் சொல்லலை. என் புள்ளைக்கு என் கை மறந்து போச்சுன்னு நெனச்சு, பாவம் அந்தப் பொம்பளையைப் பகைச்சு, மூடி திறக்காம பள்ளிக்குக் குடுத்தனுப்பி, இவ்வளவு அமளியும் நீ நல்லது நெனச்சதால வந்தது. உம்மாவுக்கு வலிக்கும்னு பார்த்து எதையும் கேக்காம விடுறது உனக்கு மரியாதையா இருக்கலாம், எனக்கு அது கதவைச் சாத்துற மாதிரி இருக்கு. வீட்டை வழக்கம் வாங்கிக்கிச்சு, உன்னை நார்வே வாங்கிக்கிச்சு, நீ கேக்குறது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு.

நீங்க ரெண்டு பேரும் பெருநாளைக்கு முன்னாடி வந்துடுவீங்கன்னு நுஸைபா சொன்னா, இன்ஷா அல்லாஹ். பெட்டி அங்கேயே போகட்டும், தூக்கமும் அங்கேயே தூங்கு, வழக்கத்தை நான் ஒண்ணும் மாத்தச் சொல்லலை. பெருநாள் தொழுகை முடிஞ்சதும் அவங்க வீட்டுல பசியாறாம, நுஸைபாவையும் கூட்டிக்கிட்டு முதல்ல இங்கே வா. அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன், வயித்தெரிச்சலோடதான், ஆனாலும் சரின்னுட்டாங்க.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் குடுக்கட்டும், உன் கண்ணுக்குக் குளிர்ச்சியா புள்ளைகளைக் குடுக்கட்டும், நுஸைபாவை நூறு வருஷம் உன் கூட வச்சிருக்கட்டும், பயணத்தை லேசாக்கித் தரட்டும். வாப்பாவோட சலாம், தஹ்மீனாவோட சலாம். பாஸ்போர்ட்டை ரெண்டு பேரும் கைப்பையில வச்சுக்கோங்க, பெட்டியில போட்டுடாதீங்க. இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கோ. பெருநாள் அன்னைக்கு இங்கே வந்ததும் சலாம் சொல்லிட்டு, உம்மா, வட்டிலப்பம் எங்கேன்னு கேக்கணும். என் கை அன்னைக்கு எப்படி இருக்குமோ, செஞ்சு வச்சிருப்பேனோ இல்லையோ, எனக்கே தெரியாது. ஆனா நீ கேக்கணும்.

உன்னைப் பெத்தவ, உன் மாமி மேல இன்னும் கொஞ்சம் பொறாமை மிச்சம் வச்சிருக்கிற
உம்மா, ஆமினா கபீர்